சிவப்புப் பாதையில் எதிரே வரும் மகன்

1

அஸ்லம் கையைத் தூக்காமல் என்னைக் கடந்து போன முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. நேரம் காலை 7.49. இடம், பேரிக்காய்த் தோட்டத்துக்கு எதிரே மூன்றாவது விளக்குக் கம்பத்தடி. காற்று தென்மேற்கிலிருந்து, எனக்கு எதிராக. இவ்வளவும் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. வழமையாக இவற்றின் கீழே 'கை தூக்கினான்' என்று எழுதுவேன். அன்று அந்த வரியை எழுத முடியவில்லை.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் பாதையைச் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்தில் ஆர்னெம், நைமேகன் என்று இரண்டு நகரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நம் கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்குமான தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே வயல் இல்லை. பழத்தோட்டங்களும் கண்ணாடிக் கூடாரங்களும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து சைக்கிளுக்கென்றே ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். சிவப்புத் தார். பஸ் இல்லை, ஓட்டோ இல்லை, குறுக்கே படுத்துக் கிடக்கிற மாடு இல்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டவர்கள் அதில் அலுவலகம் போகிறார்கள். வலப்பக்கமாகவே போக வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் பின்னால் வருகிறவர் மணியடிப்பார். இரண்டாம் முறை மணியடிக்க மாட்டார், ஏசுவார்.

நான் ஆர்னெமில் வசிக்கிறேன். நைமேகனில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. சுபஹு தொழுது, ஒரு பிளேன்ரீ குடித்து, 7.15க்கு வீட்டிலிருந்து இறங்குவேன். என் மகன் அஸ்லமுக்கு வயது பத்தொன்பது. அவன் இப்போது நைமேகனில் ஒரு கூட்டாளியின் அறையில் இருக்கிறான். படிப்பதோ ஆர்னெமிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில். ஆகவே வாப்பா நான் தெற்கே போக, மகன் வடக்கே வருவான். 7.45க்கும் 7.52க்கும் இடையில் எங்காவது ஓரிடத்தில் கடந்துகொள்வோம். அதற்கு இரண்டு நொடி போதும்.

சைக்கிள் பிடியிலிருந்து ஒரு கையைக் கொஞ்சம் உயர்த்துவான். நானும் உயர்த்துவேன். அவன் வீட்டை விட்டுப் போன பிறகு எனக்கும் அவனுக்கும் கிழமைநாட்களில் இருந்த பேச்சு இதுதான். அதுவும் அந்தத் திங்களோடு நின்றுபோனது.

2

மகள் சிப்னாவின் நிக்காஹ் போன வருடம் ஊரில் நடந்தது. மாப்பிள்ளை றிஸ்வான், அக்கரைப்பற்று. தங்கமான பிள்ளை. விசா கிடைத்து இங்கு வந்து சேர ஏழு மாதம் சென்றது.

நம்மிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. ஆண்பிள்ளை நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன். இதை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. என் மகன் இங்கே பிறந்தவன் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

எனக்கு மூத்தவள் ராத்தாவுக்குச் சாய்ந்தமருதில் கல்யாணம் நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. உம்மா ஒரு பாயையும் தலையணையையும் என் கையில் தந்து, "மச்சான் வாறாரு. நீ கடையில போய்ப் படுத்துக்க" என்றார். வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை. ஆணிப் பெட்டிகளுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவில் பாயை விரித்துப் பன்னிரண்டு வருடம் படுத்தேன். கடைப் பூட்டின் திறப்பு என் இடுப்பில் இருந்தது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போவேன். உள்ளே நுழைய முன் மச்சான் இருக்கிறாரா என்று வாசலில் நின்று செருமுவேன். இருபத்தேழாவது வயதில் ஒரு சூட்கேசோடு மருதமுனைக்கு, என் மனைவி பௌசியாவின் வீட்டுக்குப் போனேன். எந்த வீட்டிலும் எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

இங்கே எங்கள் வீடு மூன்று அறை கொண்ட மாடி வீடு. அதில் பெரிய அறை அஸ்லமுடையது. சிப்னாவின் அறையில் இரட்டைக் கட்டில் போட்டால் அலுமாரிக் கதவு திறக்காது. றிஸ்வான் வரும் நேரம் அஸ்லம் தொழிற்பயிற்சிக்காக நைமேகனில் இரண்டு மாதம் தங்கியிருந்தான். நானும் பௌசியாவும் ஒரு சனிக்கிழமையில் அறையை மாற்றினோம். அவனுடைய சாமான்களை நான்கு பெட்டிகளில் கட்டினேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டினேன். ஒரு பென்சில்கூடத் தவறவில்லை. ஹோலின் மூலையில் கட்டிலைப் போட்டு, பௌசியா தைத்த திரையைத் தொங்கவிட்டேன். சிப்னாவின் சின்ன அறை துணி காயப்போடவும் பெட்டிகள் வைக்கவும் ஆனது. அந்த அறையையாவது அவனுக்குக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். மகளும் மருமகனும் படுக்கிற அறைக்கு ஒட்டிய சுவர் அது. அங்கே ஒரு இளந்தாரியைப் படுக்க வைப்பது எப்படி?

பயிற்சி முடித்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தான்.

"வாப்பா, என்ட றூம் எங்க?"

"ஹோல்ல கட்டில் போட்டிரிக்கன் மன. திரையும் இரிக்கி. உம்மா தச்ச." மகனை நான் 'மன' என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒருத்தரும் எனக்கிட்டக் கேக்கலியே."

"மச்சான் வந்திரிக்காருல்லியா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது போலிருந்தது அந்தப் பார்வை. எனக்கோ அது முழுப் பதில்.

மூன்று இரவு ஹோலில் படுத்தான். நாலாம் நாள் கூட்டாளியின் அறைக்குப் போய்விட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டான். பாதையில் கை தூக்கினான். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

3

இந்த நாட்டில் யார் எந்த வீட்டில் வசிக்கிறார் என்பது நகரசபையின் பதிவில் இருக்க வேண்டும். பதிவு இல்லாதவருக்கு மருத்துவக் காப்புறுதி இல்லை, படிப்புக்கான உதவி இல்லை, மருந்து இல்லை. றிஸ்வானைப் பதியும்போது வீட்டுக்காரன் என்ற முறையில் நான் ஒரு படிவம் நிரப்பினேன். படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரன் என்று இங்குள்ள நம் ஆட்களிடம் எனக்குப் பெயர். பலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

அதில் ஒரு கேள்வி: இந்த முகவரியில் நிரந்தரமாக வசிப்போர் யார் யார்? பெயர் எழுத ஆறு கோடுகள் இருந்தன. என் பெயர், பௌசியா, சிப்னா, றிஸ்வான் என்று நான்கு எழுதினேன். அஸ்லமை மறந்து விட்டுவிட்டேன் என்று சொன்னால் எனக்கு வசதி. அது உண்மையில்லை. பேனையை எடுத்து, அவனை நினைத்து, அவன் நிரந்தரம் இல்லையே என்று சரியாக யோசித்துத்தான் விட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை எழுதினேன்.

பிறகு அஸ்லம் பெயருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. அடுத்தவர் கடிதத்தை உடைப்பது இங்கே குற்றம். நான் அவற்றைத் திகதி வாரியாக அடுக்கி, றப்பர் வளையம் போட்டு, ஹோல் மேசையின் இழுப்பறையில் வைத்தேன். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொடுக்க நினைப்பேன். சாப்பாட்டுப் பேச்சில் மறந்துவிடும்.

அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். பௌசியா சோறு போட்டாள். கையில் போனைப் பிடித்தபடி சொன்னான்:

"வாப்பா, நான் நாட்டுல இல்லியாம்."

"என்னடா பகிடி?"

"பகிடி இல்ல. பாமசிக்குப் போனன், பம்ப் எடுக்க. காப்புறுதி இல்ல எண்டுறான். ஏன் எண்டு கேட்டா, நீ நாட்ட விட்டுப் போயிட்டாய் எண்டுறான். அவனுக்கு முன்னால நிண்டுக்கிட்டு இரிக்கன், எனக்கே சொல்றான்."

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். குளிர்காற்றில் சைக்கிள் ஓடினால் நெஞ்சு இழுக்கும். மருந்தை உறிஞ்சுகிற பம்ப் இல்லாமல் அவன் வெளியே இறங்குவதில்லை.

இழுப்பறையைத் திறந்து கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். "மூணும் இரிக்கி மன. திகதிப்படி வெச்சிரிக்கன்."

உடைத்து ஒவ்வொன்றாக வாசித்தான். முதலாவது, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. இரண்டாவது அதன் நினைவூட்டல். மூன்றாவதில், பதில் கிடைக்காத காரணத்தால் 'வெளியேறினார், போன இடம் தெரியாது' என்று பதிந்துவிட்டதாக எழுதியிருந்தது. கூடவே நான் நிரப்பிய படிவத்தின் பிரதி. என் கையெழுத்து அழகாக இருந்தது.

"ஆறு கோடு இரிக்கி வாப்பா. நாலுதான் எழுதிரிக்கீங்க. எடம் பத்தாமலா?"

"நிரந்தரமா இரிக்கிறவங்க எண்டுதானே கேட்டிரிந்திச்சு..."

அவன் கையைக் கழுவினான். சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கதவு மூடிய பிறகு பௌசியா தட்டை எடுக்காமல் அதன் முன்னாலேயே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எழுதின எழுத்துத்தானே. நீங்களே போய் அழிச்சிப்போட்டு வாங்க."

4

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு நகரசபைக்குப் போனேன். மனுக்களை வாங்கும் கருமபீடத்தில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். இருபத்திரண்டு வருடமாக இந்த மொழி பேசுகிறேன். ஆனாலும் பதற்றம் வந்தால் சொற்கள் இடம் மாறிவிடும். என் மகன் இப்போது வீட்டில் இல்லை என்று சொல்ல வந்தேன். என் மகன் இனி இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். "உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன், ஐயா" என்றார். நான் இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவன் உயிரோடிருக்கிறான் என்று அவரை நம்ப வைக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விளங்கிய பிறகு வழி சொன்னார். வீட்டுக்காரர் சம்மதப் படிவம் ஒன்று நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். அதை மகனே நேரில் கொண்டுவந்து, அடையாள அட்டையைக் காட்டி, தானும் கையொப்பமிட வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கு முன் செய்தால் பழைய பதிவு தொடரும், இடைவெளி விழாது. அதற்குப் பின்னால் என்றால் எல்லாம் முதலிலிருந்து. கல்லூரி உதவி நிற்கும், காப்புறுதிக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மாதங்கள் ஆகலாம்.

"அவனுக்குப் பதிலாக நான் கையொப்பமிட முடியாதா? நான் தகப்பன்."

"அவருக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, ஐயா. இனி அவருக்காக அவர் மட்டும்தான்."

கடைசி வெள்ளிக்குப் பதினேழு நாள் இருந்தது. கூட்டாளியின் அறையில் அவன் பெயரைப் பதிய அந்த வீட்டுச் சொந்தக்காரன் விடமாட்டான் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடு ஒன்றுதான் அவனுக்கு இருந்த முகவரி.

அன்றிரவே படிவத்தை நிரப்பி, மழை படாமல் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, வேலைப் பைக்குள் வைத்தேன்.

5

நான் அழைத்தால் அஸ்லம் போன் எடுத்தான் இல்லை. செய்திகளை வாசித்தான், பதில் போட்டான் இல்லை. கூட்டாளியின் அறை எந்தத் தெருவில் என்று எங்களுக்கு அவன் சொன்னதில்லை. கல்லூரி வாசலில் போய் நிற்கலாம். நண்பர்களுக்கு முன்னால் என்னைக் கண்டால் இன்னும் தூரப் போய்விடுவானோ என்று பயந்தேன். எனக்கென்று இருந்தது பாதையும் அந்த இரண்டு நொடியும்தான்.

புதன்கிழமை 7.47க்கு, "அஸ்லம், படிவம் இரிக்கி!" என்று கத்தினேன். காற்று வாயை அடைத்தது. எனக்குப் பின்னால் வந்த பெண் திடுக்கிட்டு மணியடித்தாள். வியாழக்கிழமை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு துரத்தினேன். ஐம்பத்திநாலு வயதில் பத்தொன்பதைப் பிடிக்க முடியாது. ரயில் பாதைக்குக் கீழே போகிற சுரங்கத்துக்குள் அவன் சிவப்பு விளக்கு ஒரு புள்ளியாகி, மறைந்தது. அன்று இருபத்திரண்டு நிமிடம் பிந்தி வேலைக்குப் போனேன். சலவைக்கூடத்தில் பதினோரு வருடத்தில் முதல் பிந்தல்.

ஊரில் மாவடிப்பள்ளிப் பாதையில் நான் சைக்கிள் ஓடிய காலத்தில், எதிரே தெரிந்தவர் வந்தால் இரண்டு பேருமே இறங்கிவிடுவோம். இரு பக்கமும் வயல், நடுவில் ஒடுங்கிய றோட்டு. பின்னால் நெல்லு ஏற்றிக்கொண்டு டிரக்டர் வந்து நிற்கும். டிரக்டர்காரனும் இறங்கி எங்களோடு கதைக்கத் தொடங்குவான். அந்த றோட்டில் குழிகள் இருந்தன. இந்தப் பாதையில் ஒரு குழிகூட இல்லை. நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லாத பாதை.

சாய்ந்தமருதில் இருக்கிற என் மூத்த சகோதரரான காக்காவிடம் போனில் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"ஆம்புளப் புள்ளைக்கு றூமா? நாம எங்கடா படுத்த? நீ ஆணிப் பெட்டிக்குள்ள, நான் பள்ளிவாசல் விறாந்தையில. நாம செத்தா போனோம்?"

"இவன் அப்பிடி வளரல்ல காக்கா."

"அப்ப நீ எப்பிடி வளத்த?"

நான் அவனை இந்த நாட்டுப் பிள்ளையாக வளர்த்தேன். தனி அறை, தனி மேசை, உள்ளே போக முன் கதவைத் தட்டு என்று அவன் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை நானும் கடைப்பிடித்தேன். பத்தொன்பது வருடம் கதவைத் தட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை கதவையே எடுத்துவிட்டேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சிப்னா அழுதாள். "நான் கேட்டனா வாப்பா அவன்ட றூம? எனக்கு நாலு சுவர் இரிந்தாக் காணும்." றிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டே, "மாமா, நாங்க வேற வூடு ஒண்டு பாக்கட்டா?" என்று கேட்டார். பௌசியா பதறிப்போனாள். "வாய மூடுங்க மருமகன். வந்து நாலு மாசத்துல மாப்புள வெளியே போனா அக்கரைப்பத்துல எங்களப் பத்தி என்ன கதைப்பாங்க?" அவர் அக்கரைப்பற்றுக்காரர்தானே, அவருக்குத் தெரியாதா. ஹோல் பக்கம் போய்க் காலியாகக் கிடந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

இரண்டாம் கிழமை முழுக்கப் பாதையில் அஸ்லமைக் காணவில்லை. ஐந்து நாள். குறிப்புப் புத்தகத்தில் ஐந்து நாளும் 'காணவில்லை' என்று எழுதினேன். ஐந்தாம் நாள் அப்படி எழுதும்போது, நகரசபைக்காரன் எழுதியதற்கும் நான் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. முட்டு வந்து படுத்திருக்கிறானோ என்ற பயத்தில் சலவைக்கூடத்தில் விரிப்புகளை எண்ணும்போது இரண்டு தரம் பிழைவிட்டேன்.

6

கடைசிக் கிழமைத் திங்கள், 7.51. மூடுபனி. கண்ணாடிக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் எதிரே ஒரு விளக்கு வந்தது. அஸ்லம் கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துக் கட்டியிருந்தான். யோசிக்க நேரமில்லை. நடுக்கோட்டைத் தாண்டி அவன் பக்கத்துக்குப் போய்ச் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன். வாழ்க்கையில் இந்த நாட்டின் ஒரு சட்டத்தையும் நான் மீறியதில்லை.

அவன் பிறேக் பிடித்ததில் பின்சில்லு வழுக்கியது. டச்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகுதான் ஆளைக் கண்டான்.

"வாப்பா! பைத்தியமா ஒங்களுக்கு? சாகப் பாக்கிறீங்களா?"

"ரெண்டு நிமிசம் மன. ரெண்டே நிமிசம்."

பின்னால் வந்தவர்கள் மணியடித்துக்கொண்டு புல்லில் இறங்கிச் சுற்றிப் போனார்கள். ஒருவர், இது சந்தைக்கடை இல்லை என்றார். அஸ்லமுக்கு மூச்சு இழுத்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

"பம்ப் இரிக்கா?"

"கூட்டாளிர பழசு ஒண்டு." ஒரு தரம் உறிஞ்சிவிட்டு மூச்சைப் பிடித்து நின்றான்.

"போன கிழமை வரல்லியே?"

"காய்ச்சல்."

"ஆரு பாத்த?"

"ஒருத்தரும் பாக்கல்ல. சொன்னனே, நான் நாட்டுல இல்ல."

உறையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினேன். "நான் ஒப்பம் வெச்சிட்டன். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுபோய்க் குடு மன. நீ குடுத்தாத்தான் எடுப்பாங்க."

வாங்கினான். சைக்கிள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். அவன் இப்படி எதையும் முழுதாக வாசிக்கிறவன். அது என்னிடமிருந்து போன பழக்கம். இரண்டாம் பக்கம் திருப்பினான். அங்கே நின்றுவிட்டான்.

"இதென்ன?"

எட்டிப் பார்த்தேன். எவ்வளவு காலத்துக்கு இவர் இந்த வீட்டில் வசிப்பார் என்ற கேள்வி. அதற்கு நேரே நான் எழுதியிருந்தேன்: அவருக்குத் திருமணம் ஆகும் வரை.

இதை எழுதிய இரவு எனக்கு மனம் நிறைந்திருந்தது. நம் ஊரில் ஒரு வாப்பா மகனுக்கு இதைவிடப் பெரிய வாக்குக் கொடுக்க முடியாது. கடையில் படு என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையாக இறங்கிப் போகிற நாள்வரை என் வீட்டில் இரு என்றேன்.

அஸ்லம் சிரித்தான். இருமலும் சேர்ந்து வந்தது.

"இன்னும் திகதி போட்டுத்தான் வெச்சிரிக்கீங்க."

"திகதி இல்ல மன, அது..."

"ராத்தாவுக்கு என்ன எழுதின?"

"நிரந்தரம்."

"மச்சானுக்கு?"

நான் கையிலிருந்த உறையை மடித்தேன்.

"சொல்லுங்க வாப்பா. மச்சானுக்கு?"

"அவருக்கும் அதுதான்."

"அவர் வந்து நாலு மாசம். நான் அங்கதான் பொறந்த."

படிவத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்தான். சைக்கிளைத் தூக்கி என்னைச் சுற்றிக் கொண்டுபோய் வைத்து ஏறினான். மூடுபனியில் அவன் விளக்கு கொஞ்ச நேரம் தெரிந்தது. நான் இன்னும் அவன் பக்கத்திலேயே, பிழையான பக்கத்தில் நின்றேன்.

7

வெட்டித் திருத்திய படிவத்தை நகரசபை எடுக்காது. செவ்வாய்க்கிழமை புதியது ஒன்று வாங்கி நிரப்பினேன். அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனை நின்றது. 'நிரந்தரம்' என்று எழுத எனக்கு ஆசை. இனி நான் எழுதுகிற எந்தச் சொல்லையும் அவன் நம்பமாட்டான் என்று பயமாக இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மற்ற எல்லாம் நிரப்பி, கையொப்பமிட்டேன். அதைப் படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதினேன்: நீ விரும்பியதை எழுது. வெள்ளி இரண்டு மணியிலிருந்து நகரசபையில் இருப்பேன். பதில் இல்லை. புதனும் வியாழனும் பாதையில் அவனைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு. ஜும்ஆ முடிந்து நேரே போனேன். அங்கே இயந்திரத்தில் இலக்கத் துண்டு எடுத்து, கூப்பிடும்வரை இருக்க வேண்டும். ஒன்று எடுத்தேன். கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை. அதைப் பக்கத்திலிருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதுவும் வந்தது. ஒரு வயதானவருக்குக் கொடுத்தேன். மூன்றாவது, நான்காவது. அவன் எப்போது வந்தாலும் கையில் ஒரு இலக்கம் தயாராக இருக்க வேண்டும். முதல் நாள் எனக்குத் தண்ணீர் தந்த பெண் கருமபீடத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குப் பௌசியா போனில் கூப்பிட்டாள். "வந்தானா?" இல்லை என்றேன். நாலரைக்கு மறுபடியும். நான் எடுக்கவில்லை.

4.41க்கு இயந்திரத்தை மூடிவிட்டார்கள். என் கையில் இருந்தது கடைசித் துண்டு.

4.50க்குக் கதவு திறந்து அஸ்லம் வந்தான். வியர்த்திருந்தான். என் பக்கத்தில் இருக்கவில்லை; முன்னால் நின்று கையை நீட்டினான். துண்டையும் படிவத்தையும் கொடுத்தேன். இலக்கம் கூப்பிட்டார்கள். நானும் எழும்பினேன்.

"நீங்க இரிங்க வாப்பா. நான்தான் போகணும்."

இருந்தேன். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்க, இவன் பேனை வாங்கிக் குனிந்து எழுதினான். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். பிறகு முத்திரை குத்தினார். 4.57.

வெளியே சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் கேட்டேன். "என்ன மன எழுதின?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமா?"

"அதுக்குள்ள பதியக்கூடிய எடம் ஒண்டு பாத்திடுவன்." பூட்டைத் திறந்துகொண்டே சொன்னான், கோபம் இல்லாமல். "நீங்க சரியாத்தான் எழுதின வாப்பா, மொதல் படிவத்துல. நான் நிரந்தரம் இல்ல."

"வூட்ட வா. உம்மா சோறாக்கி வெச்சிரிக்கா."

"இண்டைக்கி ஏலா."

அவன் தெற்கே போனான், நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமை நகரசபையிலிருந்து உறுதிக் கடிதம் வந்தது. பௌசியாவுக்கு டச்சு வாசிக்கக் கஷ்டம். அடுப்படியில் நின்று, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவன்ட பேர் இரிக்கா?"

"ஓம். ஐஞ்சாவதா இரிக்கி."

"எங்கட வூட்டிலயா?"

"எங்கட வூட்டிலதான்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப வருவான்" என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

ஐந்து பெயருக்கும் நேரே, எதுவரை என்று ஒரு நிரல் இருந்தது. நான்கு பெயருக்கு அது வெறுமை. ஐந்தாவதில் ஒரு திகதி. அதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.